1973 எம்ஜிபி ஜிடி, ஜிஆர்86, இல்லை புது பிஎம்டபிள்யூ: 38,000 பவுண்டு சேமிப்பில் எதற்கு இடம் இருக்கிறது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன், வயது 44, பிள்ளைகள் இரண்டு பேர் (9, 6). சேமிப்பு 38,000 பவுண்டு, எல்லாம் வங்கியில். வீட்டுச் செலவு மாதம் 3,200, அது போக 900 மிஞ்சுகிறது. ரொம்ப நாளாக ஒரு ஸ்போர்ட்ஸ் கூபே ஆசை. மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். 1973 எம்ஜிபி ஜிடி 11,500 பவுண்டு. மூன்று வருடம் ஓடிய டொயோட்டா ஜிஆர்86 25,000. புது பிஎம்டபிள்யூ 2 சீரிஸ் கூபே பிசிபி-யில் (மாதத் தவணை கட்டி, கடைசியில் பெரிய தொகை கொடுத்தால்தான் வண்டி சொந்தமாகும் திட்டம்), முன்பணம் 4,500, மாதம் 469, நான்கு வருடம். பழைய வண்டி விலை ஏறும், ரோடு டாக்ஸ் இல்லை, லாபத்துக்கும் வரி இல்லை என்கிறார்கள். முதலீடாக எடுத்துக்கொள்ளலாமா? வீட்டுக் கடன் பாக்கி 2,60,000, இன்னும் 25 வருடம் இருக்கிறது, 1.6% ஃபிக்ஸட் வட்டி அடுத்த வருடம் முடிகிறது. வண்டி நிறுத்த கராஜ் இல்லை, மாதம் 90 பவுண்டுக்கு லாக்-அப் (வாடகை கராஜ்) கிடைக்கும் போல. மனைவி "இருக்கிற கார் போதாதா?" என்கிறார்.

பதில்: கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, வீட்டுக் கடன், அங்கிருந்துதான் நான் தொடங்குவேன். 1.6% முடிந்து 4.5% மாதிரி ஒரு வட்டிக்கு மாறினால் உங்கள் தவணை மாதம் கிட்டத்தட்ட 390 பவுண்டு கூடும். மிஞ்சும் 900 அப்போது 510 ஆகிவிடும். அதில் பிஎம்டபிள்யூவுக்கு 469 கட்டினால் பாக்கி 41 பவுண்டு, அதிலும் இன்ஷூரன்ஸ் இன்னும் கட்டவில்லை. அந்த வண்டியைப் பற்றி இதற்கு மேல் பேச எதுவும் இல்லை. நான்கு வருடத்தில் முன்பணத்தோடு சேர்த்து 27,012 பவுண்டு கட்டி முடித்துவிட்டு, கடைசியில் பெரிய தொகை ஒன்றைக் கட்டாவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வர வேண்டியதுதான். இத்தனை மைலுக்கு மேல் ஓட்டினால் தனிக் கட்டணம் என்று ஒரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டியாக இருந்தால் இரண்டாம் வருடத்திலிருந்து ஐந்து வருடம் கூடுதல் ரோடு டாக்ஸ் வேறு.

சரி, மற்ற இரண்டுக்கு வருவோம். 38,000-த்தில் ஆறு மாதச் செலவு, அதாவது 19,200, தொடக்கூடாத பணம். மிச்சம் 18,800. ஜிஆர்86 கேட்பதோ 25,000. அருமையான வண்டிதான், மறுக்கவில்லை. 2.4 லிட்டர் எஞ்சின், 234 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு), 62 மைல் வேகத்தைத் தொட 6.3 வினாடி. இந்த நாட்டில் 2022-ல் வந்து 2024-ஓடு விற்பனை முடிந்துவிட்டதால் தட்டுப்பாடும் உண்டு, விலை அவ்வளவு வேகமாகக் கீழே போகாது. ஆனால் அதற்காக அவசரப் பணத்தில் கைவைக்க வேண்டியிருக்கிறது, அதுவும் தவணை ஏறப்போகிற வருடத்தில்.

அப்போது எம்ஜிபியா? அவசரப்படாதீர்கள், முதலில் அந்த 'முதலீடு' விஷயத்தை முடித்துவிடுவோம். உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நாற்பது வருடம் தாண்டிய வண்டிக்கு ரோடு டாக்ஸ் இல்லை, ஆனால் 'ஹிஸ்டாரிக்' வகையில் பதிவாகி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப் பதிவாகி இருந்தால், புகை அதிகம் விடும் வண்டிக்கு லண்டனில் விதிக்கும் யூலெஸ் கட்டணமான நாளுக்கு 12.50 பவுண்டும் இல்லை. 2023 ஆகஸ்டிலிருந்து ஹாரோவும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டதால் உங்களுக்கு இது முக்கியம். பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டி என்றால் எம்ஓடி என்ற வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனை கட்டாயமும் இல்லை. காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை என்பதும் சரியே. ஆனால் நஷ்டம் வந்தால் அதை வேறு லாபத்தில் கழிக்கவும் முடியாது, அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். லாபம் வந்தால்தானே வரி இல்லை என்று சந்தோஷப்பட முடியும்?

எம்ஜிபி ஜிடியில் அது வருவது கஷ்டம். 1962-ல் திறந்த கார் வந்தது, 1965-ல் இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம் பினின்ஃபரினா கைவைத்த கூரையோடு ஜிடி வந்தது, 1980 வரை அபிங்டன் தொழிற்சாலையில் ஓயாமல் செய்தார்கள். எம்ஜிபி குடும்பம் மொத்தம் 5 லட்சத்தைத் தாண்டும். உதிரி பாகம் எல்லாமே கிடைக்கும், புத்தம்புது பாடிஷெல்லே ஆர்டர் செய்து வாங்கலாம். ஓட்டுகிறவருக்கு இது வரம், விலை ஏறும் என்று காத்திருக்கிறவருக்கு இதுவே எமன். அரிதாக இல்லாத பொருளுக்கு யார் அள்ளிக் கொடுப்பார்? திறந்த காரை விட ஜிடிக்கு எப்போதும் விலை கம்மி வேறு. உங்களுடையது 1973, அதாவது 1974 கடைசியில் அமெரிக்க விதிக்காக மாட்டிய கருப்பு ரப்பர் பம்பருக்கு முந்தையது, குரோம் பம்பர். விற்கும்போது அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. போட்ட பணத்தை ஓரளவு காப்பாற்றும், பெருக்காது.

இப்போது ஐந்து வருடக் கணக்கு, என் அனுமானத்தில். எம்ஜிபிக்கு வருடம் இன்ஷூரன்ஸ் 200, லாக்-அப் 1,080, சர்வீஸ் எண்ணெய் சில்லறை எல்லாம் 600, துருவுக்கு என்று ஒதுக்குவது 1,000. ஆக 2,880, ஐந்து வருடத்துக்கு 14,400. விற்கும்போது ஆயிரம் குறையட்டும், 15,400. அந்த 11,500 வங்கியில் 4 சதவீதத்துக்குத் தூங்கியிருந்தால் வந்திருக்கும் வட்டி 2,300, அதையும் சேர்த்தால் 17,700. ஜிஆர்86 ஐந்து வருடத்தில் 16,000-க்கு இறங்கும் என்று வைத்தால் 9,000 போச்சு. இன்ஷூரன்ஸ், டாக்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் வருடம் 1,750 என்றால் 8,750. இழந்த வட்டி 5,000. மொத்தம் 22,750.

வித்தியாசம் 5,050 பவுண்டு. டாக்ஸ் இல்லாத, தேய்மானம் இல்லாத வண்டிக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். புது வண்டி விலை குறைந்து பணத்தைத் தின்கிறது, பழைய வண்டி லாக்-அப்பிலும் வெல்டிங் ஷெட்டிலும் தின்கிறது, அவ்வளவே. வீட்டிலேயே கராஜ் இருந்திருந்தால் இன்னொரு 5,400 மிஞ்சியிருக்கும்.

அந்தத் துரு ஆயிரத்தைப் பற்றி நான் அனுபவித்தே சொல்கிறேன். பத்து வருடத்துக்கு முன் நானும் ஒரு ஜிடி வாங்கினேன். பளபளவென்று பெயின்ட், ஸ்டார்ட் செய்தால் இனிமையான சத்தம், நான் அடியில் குனிந்தே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்த நண்பர் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மீனாட்சியம்மன் கோயில் காந்தத்தை எடுத்துத் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற சில் மீது மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். இரண்டு சாண் தூரம் ஒட்டியது, அப்புறம் பொத்தென்று கீழே விழுந்தது. உள்ளே இரும்பு இல்லை, முழுக்கப் பட்டி. நம் ஊர் டிங்கரிங் ஷெட்டில் பட்டி பார்த்து அடிப்பார்களே, அதே கலை இங்கேயும் உண்டு. எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, அந்த சில்தான் வண்டியின் முதுகெலும்பு. ஒழுங்காக மாற்ற முன் விங்கின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து எனக்கு ஆனது 3,800 பவுண்டு.

அதனால் பார்க்கப் போகும்போது காந்தம் கையில் இருக்கட்டும். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தூக்கிய பிறகு கதவு இடித்தால் சில் போய்விட்டது என்று அர்த்தம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். பதிவு எண்ணைப் போட்டால் பழைய எம்ஓடி விவரம் அரசு இணையதளத்தில் இலவசமாக வரும். 2018-ல் விலக்கு வந்ததும் பலர் எம்ஓடி எடுப்பதையே விட்டுவிட்டார்கள், அதனால் கடைசியாக எந்த வருடம் பாஸானது என்பதைக் கவனியுங்கள். வாங்குவதற்கு முன் ஒரு எம்ஓடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கட்டணம் 55 பவுண்டுக்குள்தான், அதை நீங்களே கூடக் கொடுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது வண்டி மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும் வகையாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்றைக்கு அவர்கள் சொல்வதுதான் விலை.

ஓட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1,798 சிசி, அந்தக் காலத்தில் சொன்ன 95 குதிரைத்திறன், 60 மைல் வேகத்துக்கு 13 வினாடி ஆகும். பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ், ஏர்பேக் எதுவும் கிடையாது. ஜிஆர்86 ஓட்டிப் பார்த்த கையோடு இதில் ஏறினால் முதல் ரவுண்டானாவிலேயே வியர்த்துவிடும். பெட்ரோலும் 10% எத்தனால் கலந்த சாதா ரகம் போடாதீர்கள், பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும், எத்தனால் குறைவான இ5 சூப்பர் போட வேண்டும். (எம்ஜிபியைச் செய்த எம்ஜி என்ற பெயர் இன்று சீனாவின் சாய்க் நிறுவனத்தினுடையது. அதே எண்கோணச் சின்னத்தோடு சைபர்ஸ்டர் என்று மின்சார ஸ்போர்ட்ஸ் கார் விற்கிறார்கள், வந்தபோது ஆரம்ப விலையே 55,000-க்குப் பக்கத்தில். நீங்கள் அதைக் கேட்காததற்கு நன்றி.)

என் பதில் இதுதான். மனைவியிடம் முதலீடு என்று சொல்லாதீர்கள், மாதம் 240 பவுண்டு பிடிக்கும் பொழுதுபோக்கு என்று உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டுக் கடனுக்குப் புது வட்டி கையெழுத்தான பிறகு எம்ஜிபி வாங்கலாம். 18,800-ல் 11,500 போனால் 7,300, அதில் 4,000 வெல்டிங்குக்கு என்று தனிக் கணக்கில் கிடக்கட்டும். தவணை கூடி இந்தச் செலவும் போனால் மாதம் 270 மிஞ்சும். இறுக்கம்தான், ஆனால் மூச்சு முட்டாது. அந்த 270-ம் வேறு எதற்காவது தேவைப்படும் என்று உங்கள் மனைவி சொன்னால், அவர் சொல்வதுதான் சரி.

பின் சீட் பெயருக்குத்தான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கே முழங்கால் இடிக்கும், 1973 வண்டியில் பின்னால் பெல்ட்டும் இருக்காது. மூன்று வயதுக்கு மேல் பெல்ட் இல்லாமல் உட்கார வைக்கலாம் என்று பழைய வண்டிக்குச் சட்டம் சலுகை தருகிறது, நான் தரமாட்டேன். பெல்ட் மாட்ட என்ன ஆகும் என்று ஷெட்டில் கேட்டு அதையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். லாக்-அப் 'கிடைக்கும் போல' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாவி கைக்கு வரும் வரை விற்பவருக்கு ஒரு பவுண்டு கூட முன்பணம் அனுப்ப வேண்டாம்.