பேரேடு அடைக்கும் இடம்

அன்புள்ள சார்,

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, சொந்த ஊர் துறையூர். கணினியின் பிசிஐ இணைப்பில் செருகும் கார்டுகள் தங்களுக்குள் நேரடியாகத் தரவைக் கைமாற்றிக்கொள்வது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் பெட்டியில் அதைச் செய்து பார்த்தேன். 'ராமுக்கு இதில் செலவே இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். எங்களிடம் இருப்பது 32 ஜிபி ராம், ஒவ்வொன்றும் 64 ஜிபி மெமரி கொண்ட நாலு ஆக்சிலரேட்டர் கார்டு (கணக்கீட்டை வேகப்படுத்துபவை), நாலு என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐயில் செருகும் சேமிப்பகம்). எஸ்எஸ்டியில் இருக்கும் தரவு நேராகக் கார்டுக்குப் போக வேண்டும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஏற்றியதும் 4 ஜிபி ராம் காணாமல் போகிறது. எந்த ப்ராசஸின் கணக்கிலும் அது இல்லை. எங்கள் லீட், "பழையபடி ராமில் 64 எம்பி பஃபர் ஒன்றை வைத்து, தரவை அதில் இறக்கிக் கார்டுக்கு ஏற்றினால் போதும், இந்த வம்பே வேண்டாம்" என்கிறார். அவர் சொல்வதுதான் சரியா?

கே., பெங்களூரு

அன்புள்ள கே.,

நான் எழுதியது தப்பு. 'தரவு ராம் வழியாகப் போகாது' என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். 'செலவே இல்லை' என்றபோது வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

உங்கள் 4 ஜிபி எங்கே போனது என்பது மனக்கணக்கிலேயே வந்துவிடும். இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னல் நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 'ஸ்ட்ரக்ட் பேஜ்' என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. 64 பிட் இயந்திரங்களில் அதன் அளவு வழக்கமாக 64 பைட். 4096-க்கு 64 என்றால் அறுபத்து நாலில் ஒரு பங்கு. உங்கள் நாலு கார்டுகளிலும் சேர்த்து 256 ஜிபி. அறுபத்து நாலால் வகுத்தால் அச்சாக 4 ஜிபி. ஒரு கார்டுக்கு மட்டும் ஒரு கோடியே 67 லட்சத்துச் சொச்சம் குறிப்புகள்.

ஸ்ரீராமபுரத்தில் இருந்த என் மாமா யஷ்வந்த்பூர் வெங்காய மண்டி ஒன்றில் கணக்கெழுதினார். சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான பேரேடுகள், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும். அந்த இடத்தில் நாலு மூட்டை போடலாமே என்று முதலாளி வாராவாரம் முணுமுணுப்பார். லாரியிலிருந்து லாரிக்கே மாற்றி அனுப்பிய சரக்குக்கும் மாமா வரி எழுதியாக வேண்டும். சரக்கு குடோனுக்குள் வரவே வராது, ஆனால் அதன் கணக்கு குடோனுக்குள் உட்கார்ந்திருக்கும். உங்கள் டிரைவர் செய்ததும் அதுதான். கார்டில் இருக்கும் 256 ஜிபிக்கான பேரேட்டை ராமில் எழுதி வைத்திருக்கிறது.

அந்தக் குறிப்பு எதற்கு? ஒரு பக்கத்தை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், யாரும் பிடிக்காதபோது அதை என்ன செய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. கர்னலில் டிஸ்க் வேலையைப் பார்க்கும் பிளாக் லேயர், இடையில் நகல் வைக்காமல் ஃபைலை வாசிக்கும் டைரக்ட் ஐஓ எல்லாமே 'பக்கத்தைக் கொடு' என்று இதைத்தான் கேட்கும். கார்டின் மெமரி வெறும் முகவரியாக இருந்தால் அவற்றுக்கு அது கண்ணிலேயே படாது. லோகன் கன்தார்ப் என்ற கர்னல் நிரலாளர் முன்னின்று எழுதிய பியர் டு பியர் டிஎம்ஏ (நீங்கள் செய்து பார்த்த அந்த நேரடிக் கைமாற்று; டிஎம்ஏ என்பது சிபியு சுமக்காமல் சாதனமே தரவை நகர்த்துவது) 2018 டிசம்பரில் வந்த 4.20 கர்னலில் சேர்ந்தபோது, கார்டின் மெமரிக்கும் இந்தக் குறிப்பை உண்டாக்கும் வழியையே எடுத்துக்கொண்டார்கள். அப்படிச் செய்ததால்தான் எஸ்எஸ்டியின் டிரைவரை அதிகம் கிளறாமல் வேலை முடிந்தது.

பேரேட்டையும் கார்டிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று உடனே தோன்றும். மின்சாரம் போனாலும் அழியாத பெர்சிஸ்டென்ட் மெமரியில் அப்படிச் செய்ய வழி இருக்கிறது. அது ராம் மாதிரியே சிபியுவின் பக்கத்தில் இருப்பது, சிபியு தன் கேஷில் (தன்னுள் இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்) அதன் நகலை வைத்துக்கொள்ளவும் முடியும். பிசிஐ பார் அப்படியில்லை. (பிரிகேட் ரோடு பார் இல்லை, கார்டின் மெமரி சிபியுவுக்குத் தெரியும் ஜன்னல்.) குறிப்பைத் திருத்த ஒவ்வொரு முறையும் சிபியு பிசிஐ தாண்டிப் போய் வர வேண்டும். எண்ணிக்கையை ஒன்று கூட்டிக் குறைக்கும், இடையில் யாரும் புக முடியாத அணுச் செயல்கள் அங்கே நம்பும்படி நடக்காது. மாமாவின் பேரேடு ஓசூரில் இருந்தால் எப்படி?

முதல்முறை இதில் மாட்டிக்கொண்டபோது மெமரி லீக் (எடுத்த ராமைத் திருப்பிக் கொடுக்காத பிழை) என்றே நினைத்தேன். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். இரண்டு நாள் கர்னல் தனக்கென எடுக்கும் ராமின் ஸ்லாப் கணக்கைக் குடைந்தேன், ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், டீக்குப் போகும் அவசரத்தில், டிரைவரை இறக்கிவிட்டு, மீதி ராமைக் காட்டும் 'ஃப்ரீ' கட்டளை கொடுத்தேன். காணாமல் போனது அத்தனையும் திரும்பி வந்து நின்றது.

சரி, உங்கள் லீட் சொல்வதற்கு வருகிறேன். ராமின் கொள்ளளவை மட்டும் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம். 64 எம்பி எங்கே, 4 ஜிபி எங்கே. ஆனால் அவர் பார்க்காதது ராமின் போக்குவரத்து. பிசிஐயின் நாலாம் தலைமுறையான ஜென் 4 எஸ்எஸ்டி ஒன்று நொடிக்கு 7 ஜிபி வரை வாசிக்கும். நாலுக்கும் 28. பஃபர் வழியாகப் போனால் ஒவ்வொரு பைட்டும் ராமில் ஒரு முறை எழுதப்படும், ஒரு முறை படிக்கப்படும். ஆக நொடிக்கு 56 ஜிபி. 32 ஜிபி என்கிறீர்கள், 16 ஜிபி டிம் (ராம் பட்டை) இரண்டு போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். டிடிஆர்4-3200 வகை ராம் என்றால் அதற்குப் போகும் ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டுக்கு 51.2. அதுவும் காகிதத்தில். சிபியுவுக்கு ஒரு துளியும் விடாமல் கொடுத்தாலும் பற்றாது.

லீட்டுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இன்டெலின் சர்வர் சிப்களில் டிடிஐஓ என்ற வசதி உண்டு, சாதனம் எழுதுவது நேராக சிபியுவின் கேஷில் வந்து விழும். பஃபரைச் சில எம்பிக்குள் அடக்கி, வந்த சூட்டோடு கார்டுக்குத் தள்ளிவிட்டால் ராம் வரை போகாமலேயே முடியலாம். 64 எம்பி அதற்குப் பெரிது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் உங்கள் லீட் பேச்சையும் கேட்க மாட்டேன், என் பழைய பதிவின் பேச்சையும் கேட்க மாட்டேன். 64 ஜிபி முழுவதற்கும் பேரேடு எதற்கு? எஸ்எஸ்டியிலிருந்து வரும் தரவு கார்டில் எங்கே வேண்டுமானாலும் போய் விழப்போவதில்லையே. கார்டின் மெமரியைப் பதியும் அந்த ஃபங்ஷன், பிசிஐ_பி2பிடிஎம்ஏ_ஆட்_ரிசோர்ஸ், அளவையும் தொடங்கும் இடத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. 'எல்லாம்' என்று பொருள்படும் சுழியத்தை டிரைவர் எழுதியவர்கள் அளவாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறேன். கார்டுக்கு 1 ஜிபி மட்டும் இறங்கு மேடையாக ஒதுக்கிப் பதியச் சொல்லுங்கள். குறிப்பு 16 எம்பிதான், நாலு கார்டுக்கும் சேர்த்து 64 எம்பி. லீட் கேட்ட அதே அளவு! மேடையில் இறங்கியதைக் கார்டு தன் மெமரிக்குள்ளேயே இடம் மாற்றிக்கொள்ளட்டும், அந்த வேகத்துக்கு அதற்குக் குறைச்சல் இருக்காது.

டிஎம்ஏ-பஃப் என்று இன்னொரு வழியும் உண்டு. குறிப்பே இல்லாமல் டிஎம்ஏ முகவரியை மட்டும் கைமாற்றுவது. நெட்வொர்க் கார்டின் ஆர்டிஎம்ஏவுக்கு (வேறு கணினியின் நினைவகத்தோடு நேரடியாகத் தரவு மாற்றுவது) அது நன்றாகவே பொருந்துகிறது. உங்களுடையது ஃபைலிலிருந்து வாசிப்பது என்பதால் அந்தப் பக்கம் உங்களை அனுப்பத் தயங்குகிறேன்.

இதையெல்லாம் தொடுவதற்கு முன் 'எல்எஸ்பிசிஐ -டி' கட்டளை கொடுத்து பிசிஐ சாதனங்களின் இணைப்பு மரத்தைப் பாருங்கள். எஸ்எஸ்டியும் கார்டும் ஒரே பிசிஐ சுவிட்சின் கீழ் இருக்கின்றனவா? வெவ்வேறு ரூட் போர்ட்டில் (சிபியு பக்கம் மரம் தொடங்கும் வாசல்) இருந்தால், நடுவில் இருக்கும் சிப்செட் கர்னலின் பட்டியலில் இருந்தால்தான் கர்னல் அனுமதிக்கும். ஒரே சுவிட்சாக இருந்தாலும் ஏசிஎஸ் (சாதனங்களைத் தனித்தனியே பிரித்துக் காக்கும் பிசிஐ கட்டுப்பாடு) திருப்பிவிடல் இயங்கிக்கொண்டிருந்தால் தரவு மேலே ரூட் வரை ஏறித்தான் இறங்கும், குறுக்கு வழி போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும். அதை அணைத்தால் அந்தச் சாதனங்கள் சாதனங்கள் தொடும் நினைவகத்தைக் காவல் காக்கும் ஐஓஎம்எம்யுவின் ஒரே குழுவில் வந்துவிடும், தனித்தனி விர்ச்சுவல் மெஷினுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. உங்கள் பெட்டியில் விஎம் ஓட்டுகிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. அந்த மரத்தையும் சேர்த்து எழுதுங்கள், பார்க்கிறேன்.

பழைய பதிவில் அந்த வரியைத் திருத்திவிட்டேன்.