சண்டை, பகையைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘ஃபைட்’ தவிர என்னென்ன சொற்கள் இருக்கின்றன? எதை எங்கே பயன்படுத்துவது?

இந்த விஷயத்தில் நான் சூடுபட்ட பூனை. அதனால் சொல்கிறேன்.

வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். வேலை புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், டெஸ்பாட்ச் பிரிவு. ஒருநாள் சரக்கை யார் இறக்குவது என்று லாரி டிரைவருக்கும் எங்கள் சூப்பர்வைசருக்கும் வாய்த்தகராறு. பத்து நிமிடம் கத்தினார்கள், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஏன் தாமதம் என்று கேட்ட தலைமை அலுவலகத்துக்கு, இங்கே ஒரு ‘ஃபைட்’ நடந்தது என்று மெயில் போட்டேன். உடனே போன். யாருக்கு அடி, ஆஸ்பத்திரிக்குப் போனார்களா, கேமரா பதிவு எங்கே? சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்து கேட்டார்: “ஏம்ப்பா, நான் யாரை அடிச்சேன்?”

புருஷன் பெண்டாட்டி சண்டை, குழாயடிச் சண்டை, சேவல் சண்டை என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலத்திலும் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லும்போது ‘ஃபைட்’ வெறும் வாய்ச்சண்டையாக இருக்கலாம். வேலையிடத்தில், தெருவில் நடந்ததாக எழுதினால் கை நீண்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட வழி, முதலில் தமிழில் சரியான சொல்லைப் பிடிப்பது. நம் செய்தித்தாள்கள் இதை எப்போதோ பிரித்து வைத்துவிட்டன: வாய்த்தகராறு, தள்ளுமுள்ளு, கைகலப்பு, கலவரம், முன்விரோதம்.

வாய்த்தகராறுக்கு ‘ஆர்க்யூமென்ட்’ போதும். சத்தமும் கோபமும் கூடினால் ‘குவாரல்’. காவல்துறைச் செய்தி மாதிரி விறைப்பாக வேண்டுமென்றால் ‘ஆல்டர்கேஷன்’. மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வக்கீல் வைக்கும் வாதமும் ‘ஆர்க்யூமென்ட்’தான், அதில் கோபம் கிடையாது. நம் பக்கத்து வழக்குக் காகிதங்களில் ‘வேர்டி குவாரல்’ என்று வரும். வெளியூர்க்காரருக்கு அது சொற்கள் நீண்டுகொண்டே போன சண்டை என்று படும். ‘வெர்பல்’ என்று எழுதுங்கள். ‘டிஸ்ப்யூட்’ என்றால் நடுவில் ஒரு பொருள் இருக்க வேண்டும்: நிலம், கூலி, தண்ணீர். 1990இல் அமைத்த காவிரி நடுவர் மன்றத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இந்தச் சொல்தான்.

தள்ளுமுள்ளு, சின்னக் கைகலப்பு என்றால் ‘ஸ்கஃபிள்’. பலபேர் கட்டிப்புரண்டால் ‘பிரால்’. இதோடு பெரும்பாலும் ‘பார்’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டே வரும், பாண்டிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சட்டம் தலையை எண்ணும். பொது இடத்தில் இரண்டு பேர் அடித்துக்கொண்டு அமைதியைக் கெடுத்தாலே ‘அஃப்ரே’. பாரதிய நியாய சன்ஹிதா என்ற நம் குற்றச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அதற்கு ஒரு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். கலவரம், அதாவது ‘ரயட்’ என்று சொல்ல, குறைந்தது ஐந்து பேர் சேர்ந்த சட்டவிரோதக் கூட்டம் வேண்டும்.

‘அசால்ட்’ தனிக்கதை. நாம் “அசால்ட்டா முடிச்சிட்டான்” என்றால் அலட்டிக்கொள்ளாமல் முடித்தான் என்று பொருள். இந்தியக் குற்றச் சட்டத்திலோ அடிக்கப் போவதுபோல் கையை ஓங்கி எதிராளியைப் பயமுறுத்தினாலே அது ‘அசால்ட்’. தொடக்கூட வேண்டியதில்லை.

பகைக்கு வருவோம். மனசுக்குள் கறுவிக்கொண்டிருப்பது ‘கிரட்ஜ்’. குடும்பத்துக்குக் குடும்பம், தலைமுறையாக ஓடினால் ‘ஃபியூட்’. முன்விரோதத்தை வழக்குகளில் ‘ப்ரீவியஸ் என்மிட்டி’ என்பார்கள். ‘ரைவல்’ எனக்குப் பிடித்த சொல். அதன் லத்தீன் மூலத்துக்கு, ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவன் என்று பொருள். நம் பங்காளியும் பங்கு உள்ளவன்தானே! பங்காளிச் சண்டை என்று ஏன் சொல்கிறோம் என்பதை லத்தீன்காரனிடம் விளக்க வேண்டியிருக்காது.

‘ஹாஸ்டிலிட்டி’யில் மட்டும் ஒருமை பன்மை பார்க்க வேண்டும். ஒருமையில் அது பகையுணர்வு. ‘ஹாஸ்டிலிட்டீஸ்’ என்றால் நடக்கிற போர். எங்கள் ஊரே இதற்கு உதாரணம். 1783 ஜூனில் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த கடலூரை ஆங்கிலேயப் படை முற்றுகையிட்டது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகியிருந்தது. செய்தி கப்பலேறி வருவதற்குள் இங்கே கரையிலும் கடலிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். செய்தி வந்ததும் ‘ஹாஸ்டிலிட்டீஸ்’ நின்றது. ‘ஹாஸ்டிலிட்டி’ நிற்கவில்லை, 1793இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். நீதிமன்றத்தில் ‘ஹாஸ்டைல் விட்னஸ்’ என்பது கோபக்கார சாட்சி அல்ல, கூப்பிட்ட தரப்புக்கே எதிராகப் பேசும் பிறழ் சாட்சி.

சரி, அன்றைய மெயிலை இன்று எழுதினால், சரக்கு இறக்குவதில் ஒரு ‘ஹீட்டட் ஆர்க்யூமென்ட்’ என்று எழுதுவேன். சூப்பர்வைசருக்கு என்மேல் ‘கிரட்ஜ்’ எதுவும் இல்லை. ஆனால் லாரி தாமதமானால், “அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டு” என்கிறார்.