மழைக் கணக்கும் அடகு வைக்கவிருக்கும் நகையும்

தலவாக்கலையிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

மகள் உயர்தரத்தில் இணைந்த கணிதத்தில் நல்ல சித்தி பெற்றும் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் அவளது இசட் புள்ளி பொறியியல் பீடத்துக்குப் போதவில்லை என்றும், கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்றின் மென்பொருள் பொறியியல் பட்டத்துக்கு அனுப்பும்படி மைத்துனர் வற்புறுத்துகிறார் என்றும், அதற்காக நகைகளை அடகு வைத்து மிகுதிக்குக் கடன் எடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கடனை எடுக்காதீர்கள். பட்டத்தின் பெயரில் பொறியியல் என்ற சொல் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் பல வருடங்கள் வட்டி கட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

நீங்கள் குறையாக எழுதியதுதான் என் கண்ணில் பட்டது. தோட்ட அலுவலகத்தின் 30 வருட மழைப் பதிவுகளைப் பழைய மடிக்கணினியில் ஏற்றி, மூன்று நாள் தொடர்ந்து பெருமழை பெய்வதற்கான நிகழ்தகவைப் பைதன் மொழியில் கணித்துக்கொண்டு, கணக்கு மெதுவாக ஓடுகிறதென்று இரவில் கண்விழிக்கிறாளாம். மண்சரிவுக்கு அஞ்சி வாழும் ஊரில் ஒரு பிள்ளை தானாகக் கேட்டுக்கொண்ட கேள்வி இது. எந்த உறவினரும் இதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

30 வருடம் என்றால் ஏறத்தாழ 11,000 நாட்கள். அவற்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அத்தனை நாட்களைக் குலுக்கல்போல எடுத்து, 10,000 முறை புதிதாக மாதிரியெடுத்தால் 11 கோடிப் படிகளாகும். பைதனோ ஒவ்வொரு படியிலும், கையிலுள்ளது முழு எண்ணா, தசம எண்ணா, எழுத்தா என்று விசாரித்த பிறகே கூட்டும்; கொழுந்தைக் கூடையோடு நிறுக்காமல் இலை இலையாக நிறுப்பது போன்ற வேலை அது. 2012இல் வெளிவந்த நம்பா என்ற இலவசக் கருவியை நிறுவி, மெதுவாக ஓடும் சார்பின் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியின்) தலைப்பில் ஒரேயொரு வரி சேர்த்தால், முதல் அழைப்பின்போதே அது மதிப்புகளின் வகையைத் தீர்மானித்து, எல்.எல்.வி.எம். என்ற மொழிமாற்றக் கருவித் தொகுதி வழியாகச் சார்பு முழுவதையும் இயந்திர மொழிக்குக் கம்பைல் செய்துவிடும். அந்த முதல் அழைப்பு சற்றுத் தாமதிக்கும்; அதன் பின்னர் இத்தகைய எண் சுழற்சிகள் பத்து மடங்கு, சில வேளைகளில் நூறு மடங்குகூட வேகமாக ஓடும்.

எல்லா நிரலுக்கும் இது பலிக்காது. நேரம் எங்கே செலவாகிறது என்று அவள் முதலில் அளந்து பார்க்க வேண்டும். கோப்பு வாசிப்பதிலும் சொற்களைப் பிரிப்பதிலும் நேரம் போனால் கம்பைல் செய்து பெரிய பயன் இல்லை. பைதனின் முழு எண்கள் எவ்வளவும் வளரும், நம்பாவிலோ ஓர் எண்ணுக்கு ஒதுக்கிய 64 பிட் இடத்தைத் தாண்டினால் எச்சரிக்கையின்றிப் பிழையான விடை வரும். எண்களை அடுக்கிவைக்கும் அணியின் எல்லைக்கு வெளியே வாசித்தாலும் வழமையாக அது தடுக்காது. ஆகவே வேகமான விடையை மெதுவான விடையோடு சிறிய தரவில் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே பழகட்டும். பிழையான மழைக் கணக்கு வேகமாக வந்து யாருக்கு என்ன பயன்?

இந்தத் திறமைக்கு வேலை உண்டா என்று கேட்கிறீர்கள். 1957இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலர் எண் கணக்குகளுக்காகவே உருவானது; வானிலை முன்கணிப்புக்குப் பல நாடுகள் பயன்படுத்தும் டபிள்யூ.ஆர்.எஃப். என்ற கணினி மாதிரி இன்றும் பெரும்பாலும் அந்த மொழியில்தான் இருக்கிறது. காலநிலை, காப்புறுதி, வங்கி இடர்க் கணிப்பு, பொறியியல் ஆய்வு ஆகிய எல்லாவற்றுக்கும் கணிதத்தையும் கணினியின் உள்ளியக்கத்தையும் சேர்த்து அறிந்தவர்கள் வேண்டும்.

அதற்கான அடித்தளம் பேராதனை விஞ்ஞான பீடத்தின் கணிதம், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம் ஆகிய பாடங்களில் இருக்கிறது. அரச பல்கலைக்கழகத்தில் கற்கைக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசில் உதவிக்கும் விண்ணப்பிக்கலாம். நுவரெலியா மாவட்ட ஒதுக்கீட்டில் இந்தப் பாடங்கள் அடங்கும் பௌதிக விஞ்ஞானத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச இசட் புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, பொறியியலுக்குரியதிலிருந்து வேறானது என்பதை மைத்துனர் பார்த்ததாகத் தெரியவில்லை. கடந்த வருடங்களின் வெட்டுப்புள்ளிகளை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். எட்டக்கூடியதாக இருந்தால் விருப்பத் தெரிவில் அதை மேலே எழுதட்டும். வரிசையை அவளே தீர்மானிக்க வேண்டும், நீங்களும் மைத்துனரும் அல்ல.

புதிய மடிக்கணினியும் இப்போது வாங்க வேண்டாம், இருப்பதே போதும். இந்த வார இறுதியில் அவள் நம்பாவை நிறுவி, முன்னும் பின்னும் எடுத்த நேரத்தைக் குறித்து எனக்கு அனுப்பட்டும். கடன் படிவத்தில் மட்டும் கையொப்பமிடாதீர்கள்.