எண்ணெய், நெய்யை அடியோடு நிறுத்திய பிறகும் டிரைகிளிசரைடு ஏன் குறையவில்லை?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இது: வயது 52, எடை 68 கிலோ. பல வருடங்களாக எடையில் மாற்றமில்லை, இடுப்பு மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. எண்ணெய், நெய், தேங்காய், முட்டையின் மஞ்சள் கரு எதையும் தொடுவதில்லை. ஆனாலும் ரத்தத்தில் ஓடும் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 260.

நான் மருத்துவர் அல்ல. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே சோதனைக் குழாயிலிருந்தே தொடங்குகிறேன்.

டிரைகிளிசரைடு மிகவும் ஏறியவரின் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால், மேலே நிற்கும் சீரம் தெளிந்த மஞ்சளாக இருக்காது, கலங்கி வெளுத்திருக்கும். அந்தக் குழாயை ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் பார்ப்பது பழைய ஆய்வகப் பழக்கம். மேலே ஆடை கட்டியிருந்தால் அது குடல் வழியாக வந்த கொழுப்பு, அதாவது தின்ற எண்ணெயும் நெய்யும். ஆடை இல்லாமல் குழாய் முழுக்க ஒரே சீராகக் கலங்கியிருந்தால் அது கல்லீரல் பொட்டலம் கட்டி அனுப்பிய கொழுப்பு. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் நான் கண்டது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். 260 என்ற அளவில் கலங்கல் கண்ணுக்குத் தெரியாது; உங்கள் விஷயமும் அநேகமாக அதே வகைதான்.

கல்லீரலுக்கு இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து கிடைக்கிறது? கொழுப்பு படிந்த கல்லீரல் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. கல்லீரலில் இருந்த கொழுப்பில் சுமார் 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து வந்திருந்தது. 26 சதவீதம் கல்லீரலே மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து தயாரித்தது. உணவுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம்தான். நீங்கள் அடைத்தது அந்தச் சின்ன வாசலை.

பெரிய வாசலுக்குக் காவல் இன்சுலின். சாப்பிட்டதும் அது சுரந்து, கொழுப்பணுக்கள் தம் இருப்பைக் கரைத்து வெளியே விடுவதை நிறுத்துகிறது. தசைக்குள் குளுக்கோஸை அனுப்பத் தேவைப்படும் அளவைவிடக் குறைந்த இன்சுலினே இதற்குப் போதும். நிரம்பி வீங்கிய கொழுப்பணுக்களோ அதன் பேச்சைக் கேட்பதில்லை; சாப்பிட்ட பிறகும் கொழுப்பு அமிலம் கசிந்து கல்லீரலுக்குப் போகிறது. ஈடுகட்டக் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. இங்கேதான் வேடிக்கை. 'சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து' என்ற இன்சுலினின் கட்டளையைக் கல்லீரல் காதில் வாங்குவதில்லை. 'கொழுப்பு தயாரி' என்ற கட்டளையை மட்டும் தவறாமல் நிறைவேற்றுகிறது.

கொழுப்பணுக்கள் இப்படி நிரம்புவதில் வயதின் பங்கும் உண்டு. ஸ்வீடனில் 54 பேரைச் சராசரியாக 13 ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர்களுடைய கொழுப்பின் வயதைக் கணக்கிட்டார்கள். பழைய அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன்தான் அதற்குக் கடிகாரமாக உதவியது! எடை கூடியவரோ குறைந்தவரோ, எல்லோரிடமும் கொழுப்புத் திசு தன் சரக்கை வெளியேற்றும் வேகம் வயதோடு குறைந்திருந்தது. அதற்கேற்பச் சாப்பாட்டைக் குறைக்காதவர்களுக்குச் சராசரியாக 20 சதவீதம் எடை கூடியது. முடிவு வெளியானது 2019இல்.

"எனக்குத்தான் எடை கூடவில்லையே" என்பீர்கள். தசை கரைந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொண்டால் தராசு எதையும் காட்டாது. புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஆட்களுக்குத் தராசைவிட அளவு நாடாதான் உண்மை சொல்லும்: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனிக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: எண்ணெயைக் கொஞ்சம் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், சோற்றைக் குறையுங்கள். சோற்றுக்குப் பதில் இரவில் ஐந்து சப்பாத்தி என்றால் பயனில்லை. கேழ்வரகுக் களியும் மாவுச்சத்துதான். மொத்த அளவு குறைய வேண்டும், அந்த இடத்தில் பருப்பு, சுண்டல், மீன், காய் வர வேண்டும். பழச்சாறும் தேநீர்ச் சர்க்கரையும் முதலில் போகட்டும். மதுப் பழக்கம் இருந்தால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். சாப்பிட்டபின் நடங்கள், வேலை செய்யும் தசை இன்சுலின் தயவில்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். மாத்திரை எடுப்பவர் என்றால், உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

டிரைகிளிசரைடு 500ஐத் தாண்டியவர்களுக்கு மேலே சொன்ன எண்ணெய்ச் சலுகை பொருந்தாது. கணைய அழற்சி வரும் ஆபத்து இருப்பதால் அவர்கள் எல்லாக் கொழுப்பையும் குறைத்துக்கொண்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்த பரிசோதனையின்போது தைராய்டையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ரத்தம் கொடுக்குமுன் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் வேண்டாம். பால் கலந்த காபியும் கூடாது.