பலாட்சோ தவன்சாத்தி: டிக்கெட் இருந்தும் கிச்சன் பாக்க விடலயா?

டிக்கெட்ல தப்பில்ல, பலாட்சோ தவன்சாத்தி இத்தாலில ஃப்ளோரன்ஸ்ல மியூசியமா ஆக்குன ஒரு பழைய வீடு, அந்த வீட்ல முதல் மாடி வரைக்கும்தான் நம்ம இஷ்டத்துக்குச் சுத்தலாம், நீங்க கேட்ட கிச்சன் உச்சி மாடில இருக்கு, அங்க குறிச்ச நேரத்துல ஸ்டாஃப் கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு. நீங்க அந்த டைம மிஸ் பண்ணிருப்பீங்க, இல்ல குரூப் ஃபுல் ஆயிருக்கும்.

நாளைக்கு உள்ள நுழைஞ்சதுமே கவுன்டர்ல மேல் மாடி டைம் கேட்டு பேர் குடுத்துடுங்க. வெயிட் பண்றப்ப கிளிப் படம் வரைஞ்ச ‘கிளி ரூம்’ பாருங்க, சுவத்துல துணி தொங்குற மாதிரியே வரைஞ்சிருக்கான், தொட்டுப் பாக்கத் தோணும்!

கிச்சன் ஏன் மேலன்னா, 14-ஆம் நூற்றாண்டுலயே புகையும் சூடும் கீழ வரக்கூடாதுன்னு அடுப்ப உச்சில வச்சு, வீட்டுக்குள்ள இருக்குற கிணத்துலருந்து மாடிக்கு மாடி வாளில தண்ணி இழுத்திருக்காங்க.

அம்மாவுக்கு முட்டி வலின்னீங்களே, படி நிறைய, பாத்துக்கங்க.