கெளுத்தியும் தேளியும் ஒண்ணா?

கேள்வி: ஒகேனக்கல்ல கெளுத்திங்கிறாங்க, எங்க காவேரிப்பட்டணத்துல ஒருத்தர் தேளின்னு குடுத்தாரு, ரெண்டும் ஒரே மீனாங்க?
(வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்)

பதில்: இல்லீங்க, வேற வேற. ரெண்டுக்குமே மீசை இருக்கும், செதில் இருக்காது, அதனாலதான் இந்தக் குழப்பம், ஆனா தேளிக்கு அந்தப் பேரு தேள வச்சு வந்தது, நெஞ்சுத் துடுப்பு முள்ளுல விஷம் இருக்கு, குத்திடுச்சுன்னா கடுகடுன்னு கடுக்கும், சுத்தம் பண்றப்ப ரொம்ப கவனமா இருங்க, குத்திட்டா தாங்குற சூட்டுல வெந்நீர்ல கைய முக்கி வச்சுட்டு அப்புறம் டாக்டர்ட்ட போயிடுங்க. ஆத்து வாளையும் இந்த மீசைக் கூட்டந்தான் (கடல் வாளை வேற, அது வெள்ளியா நீட்டா இருக்கும்). இங்கிலீஷ்காரங்க மீசையப் பாத்துதான் பூனை மீன்னாங்க, அமெரிக்காவுல தலை தட்டையா இருக்கிற ஒரு வகைக்கு ஷவல்ஹெட்னு (மண்வாரித் தலைன்னு அர்த்தம்) பட்டப்பேரு. ஆப்பிரிக்கன் கெளுத்திய மட்டும் தயவுசெஞ்சு வாங்காதீங்க, நம்ம ஏரி மீனையெல்லாம் தின்னு தீத்துடும்னு அத வளர்க்கவே தடை போட்டிருக்காங்க.