வீடு வாங்கலாம் வாங்க: வாசகர் கேள்வி – பதில்

மேடவாக்கத்தில் ஒரு பழைய தனி வீட்டைத் தரகர் காட்டினார். விலை 60 லட்சம் என்கிறார். தனக்கு 2 சதவீதம் கமிஷன் வேண்டுமாம், அதில் பாதி அக்ரிமென்ட் அன்றே. விற்பவரிடமும் வாங்குவார் போலிருக்கிறது. இது முறையா?
– வாசகி, மடிப்பாக்கம்

மறுவிற்பனை வீட்டுக்கு இவ்வளவுதான் தரகு என்று சட்டத்தில் விகிதம் எதுவும் இல்லை. சென்னையில் வாங்குபவரிடம் 1 சதவீதம் வாங்குவது சகஜம். 2 கேட்பவர்களும் உண்டு, பேசினால் இறங்குவார்கள். இரண்டு பக்கமும் வாங்குவதும் பழக்கத்தில் உள்ளதுதான், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ‘மேலே வைத்து விற்பது’. உரிமையாளர் “எனக்கு 55 வந்தால் போதும்” என்றிருப்பார். உங்களிடம் 60 சொல்லி, நடுவில் இருக்கும் 5 லட்சத்தைத் தரகர் எடுத்துக்கொள்வார், கமிஷன் தனி. உரிமையாளரைப் பார்க்கவே விடாமல் “அவர் வெளியூர்ல இருக்கார், எல்லாம் நான் பேசிக்கறேன்” என்று இழுத்தால் சந்தேகப்படுங்கள். ஒரு பகுதியைத் தன் கையில் ரொக்கமாகத் தரச் சொன்னால் சந்தேகமே வேண்டாம். கடைசி விலையை உரிமையாளர் வாயால் கேட்ட பிறகே அடுத்த அடி வையுங்கள்.

கமிஷன் எவ்வளவு, எந்தத் தொகையின் மேல், எப்போது என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பத்திரம் பதிவாகும் நாளில் தருவதுதான் நல்லது. முன்பணம் கேட்டால் கால் பங்குக்கு மேல் வேண்டாம். ஆவணக் கோளாறால் கிரையம் நின்றால் அது திரும்ப வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

“இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு, இன்னைக்கே ஒரு லட்சம் டோக்கன் ரொக்கமா குடுங்க” என்று அவசரப்படுத்துகிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

ரொக்கமாக வேண்டாம். அசையாச் சொத்துக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அது பணத்தை வாங்கியவர் தலையில்தான் விழும். ஆனால் பணம் கொடுத்ததற்கு உங்களிடம் சாட்சி இல்லாமல் போகும்.

டோக்கனாக 10,000 முதல் 25,000 வரை போதும். உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்புங்கள், தரகர் கணக்குக்கு அல்ல. வீட்டு முகவரி, பேசிய விலை, ஆவணம் பார்க்க 10 நாள் அவகாசம், வில்லங்கம் இருந்தால் பணம் வாபஸ் ஆகிய நான்கையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி, உரிமையாளரிடம் ‘சம்மதம்’ என்று பதில் வாங்குங்கள்.

அதன் பிறகு கிரைய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இதைப் பதிவு செய்வது கட்டாயம். செலவை மிச்சம் பிடிப்பதாக நினைத்து முத்திரைத்தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்பவர்களே அதிகம். பதிவாகாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மீது பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல்) ஏறாது. உங்கள் முன்பணத்தை வைத்துக்கொண்டே உரிமையாளர் வேறொருவரிடம் பேரம் பேசினால், வாங்க வருபவருக்கு உங்களைப் பற்றித் தெரியவே தெரியாது.

தரகரே ஈசி (வில்லங்கச் சான்று), பட்டா நகல் எல்லாம் கொடுத்துவிட்டார். “பேங்க் லோன் குடுத்த வீடு, வக்கீல் எதுக்கு?” என்கிறார்.
– வாசகர், திருச்சி

அவர் கொடுத்த நகலை ஓரமாக வையுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். எந்த எண்ணைப் போட்டுத் தேடுகிறீர்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 112/3 என்ற சர்வே எண் பின்னாளில் 112/3ஏ, 112/3பி என்று உட்பிரிவாகியிருந்தால், 112/3ஏ-வை மட்டும் தேடும்போது பிரிவுக்கு முந்தைய கடனும் பாகப்பிரிவினையும் கண்ணில் படாமல் போகலாம். பழைய எண், புதிய எண், நகர்ப்புறமானால் டவுன் சர்வே எண், மூன்றையும் தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லை இடையில் மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்திலும் பார்க்க வேண்டும். கணினியில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையவையே கிடைக்கும். அதற்கு முந்தையதற்கு அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும்.

சுத்தமான ஈசி வந்தாலும், பதிவாகாத உயிலும் நிலுவையில் உள்ள வழக்கும் அதில் தெரியாமல் போகலாம். தகப்பனார் பெயரில் இருந்த வீடு என்றால் வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும், மணமாகிப் போன மகள்களும் சேர்த்து, கையெழுத்துப் போட வேண்டும். “தங்கச்சி ஒண்ணும் சொல்லாது” என்பதை நம்பி வாங்கிய வீடுகள்தான் பின்னர் கோர்ட்டுக்குப் போகின்றன.

மூலப்பத்திரத்தை அசலாகவே பாருங்கள். “லாக்கர்ல இருக்கு” என்றால் அடமானத்தில் இருக்கலாம். பழைய கடன் அடைந்திருந்தால் அதற்கான ரசீதுப் பத்திரம் பதிவாகி, ஈசியில் வந்திருக்க வேண்டும். பிறகு டேப் எடுத்துக்கொண்டு இடத்துக்குப் போங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி இருந்து தரையில் 1,110 இருந்தால், விலையை 1,110-க்குப் பேசுங்கள். அனுமதி வரைபடத்தில் இல்லாத மாடியை வங்கி மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடும், கடனும் அந்த அளவுக்குக் குறையும்.

வங்கி வக்கீல் வங்கியின் பணத்துக்குத்தான் காவல். உங்களுக்கென்று தனி வக்கீல் வையுங்கள். அவரைத் தரகர் சிபாரிசு செய்திருக்கக் கூடாது.

பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போட்டால் போதுமா?
– வாசகி, மதுரை

பவர், அதாவது உரிமையாளர் தன் சார்பில் செயல்படக் கொடுத்த அதிகாரப் பத்திரம், பதிவானதா, ரத்தாகவில்லையா, அதில் விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் போச்சு. அதனால் அவர் உயிரோடு இருப்பதற்கான சான்று 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்கட்டும். முடிந்தால் அவரிடமே வீடியோவில் பேசிவிடுங்கள்.

தரகருக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு வேண்டாமா?
– வாசகர், கோவை

ரெராவில் பதிவான பில்டர் திட்டத்தின் ஃப்ளாட், மனையை விற்றுத்தரும் தரகருக்குக் கட்டாயம். இல்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்து விலையில் 5 சதவீதம் வரை போகலாம். தனி வீட்டு மறுவிற்பனைக்கு அந்த விதி பொருந்தாது. எனவே அங்கே “நான் ரெரா ஏஜென்ட்” என்பது பெரிய உத்தரவாதமல்ல.

60 லட்சம் வீட்டுக்குக் கையில் எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?
– வாசகர், வேலூர்

இந்த அளவு கடனுக்கு வங்கி 80 சதவீதம் வரை, அதாவது 48 லட்சம் தரலாம். மீதி 12 லட்சம் உங்களுடையது. பழைய வீட்டுக்கு முத்திரைக் கட்டணம் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 5 லட்சத்து 40 ஆயிரம். இதற்குப் பொதுவாகக் கடன் கிடைக்காது. வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) 60 லட்சத்தைத் தாண்டினால் கட்டணம் அந்த மதிப்புக்குத்தான். தரகு 1 சதவீதம் என்றால் 60,000. ஆக 18 லட்சம், வக்கீலுக்கும் பத்திரம் எழுதுபவருக்கும் தனி.

விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டதால், 1 சதவீதம் டிடிஎஸ் (விற்பவருக்கான வருமான வரிப் பிடித்தம்) பிடித்து அரசுக்குக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு. இது கூடுதல் செலவல்ல, விற்பவருக்குத் தரும் தொகையில் 60,000 குறைத்துக் கொடுக்க வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விகிதம் இதைவிட மிக அதிகம், கணக்கும் வேறு. அந்த விஷயத்தில் தரகர் பேச்சைக் கேட்காமல், அக்ரிமென்ட்டுக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.